சுரமண்டலமும் ஈட்டியும்: இசை சிகிச்சை ஒரு பணியாக வளர்ந்த கதை



கடந்த கிறிஸ்மஸ் காலத்தில் நம் வாலிபர் ஐக்கியத்திலிருந்து பதினோரு பேர் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கரோல் பாடப் போனோம். செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் பஸ் ஏறும்போதே எங்களுக்கு ஒரே உற்சாகம். ஒரு கீபோர்டு, இரண்டு கிட்டார், ஒரு தபேலா, எல்லார் தலையிலும் சிவப்புத் தொப்பி. இல்லத்தின் பொது அறையில் இருபது பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நம்மவர்கள். இரண்டு ஆங்கிலப் பாட்டுகள் பாடினோம், கைதட்டினார்கள். பிறகு, நம்மவர்களுக்காக என்று சொல்லி, வேகமான தமிழ்க் கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றைத் தபேலாவோடு ஆரம்பித்தோம்.

ஜன்னல் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் சத்தமாகப் பாடினோம். அவர் அழ ஆரம்பித்தார். பக்கத்து மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார். ஊழியர் ஒருவர் ஓடிவந்து அவரை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் பாட்டு பாதியில் நின்றுபோனது.

கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒரு அக்கா, ஊழியரிடம் அனுமதி கேட்டு அந்த அறைக்குப் போனார். அம்மம்மா ஏதோ முனகிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டால், மூன்று சுரங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒரு மெட்டு அது. அக்கா வாசலருகே உட்கார்ந்து, அதே சுருதியில், அவர் சத்தத்துக்கு மேலே போகாமல், வாயை மூடியபடி கூடவே ஹம்மிங் செய்தார். சில நிமிடங்களுக்குப் பிறகு அம்மம்மா திரும்பிப் பார்த்தார். "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று ஊழியர் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா செஞ்சதையே வேலையா செய்யிறவங்க இருக்காங்களா?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தோம். இருக்கிறார்கள். அவர்களுக்கு இசை சிகிச்சையாளர் என்று பெயர். அவர்கள் எப்படி உருவானார்கள் என்ற கதையில் நம் வேதாகமமும் வருகிறது, ஒரு போதகரும் வருகிறார், தமிழரும் வருகிறோம். அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இரண்டு அதிகாரம் தள்ளி வாசித்தால்

இசையால் சொஸ்தம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓய்வுநாள் பாடசாலையில் கேட்ட சவுல் ராஜாவின் கதை. பொல்லாத ஆவி சவுலைக் கலங்கப்பண்ணும்போது, பெத்லெகேமிலிருந்து வந்த தாவீது சுரமண்டலம் வாசிப்பான், ராஜா ஆறுதலடைவான். இது 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரம். பாடம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளி வாசித்துப் பாருங்கள். 18-ஆம் அதிகாரத்திலும் 19-ஆம் அதிகாரத்திலும் அதே சவுல், அதே தாவீது, அதே வாசிப்பு. ஆனால் தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் அவனைச் சுவரோடு சேர்த்துக் குத்தப் பார்த்து ஈட்டியை எறிகிறான். கைத்திறமை குறையவில்லை. இடையில் கோலியாத் விழுந்திருந்தான். தாவீதை உயர்த்தி ஸ்திரீகள் பாடியிருந்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட நாள் முதல்தான் சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான் என்கிறது வேதம். அதாவது, சவுலின் மனதை ஆற்றியதும் இசைதான். அதைப் புண்ணாக்கியதும் ஒரு பாட்டுதான்.

முதியோர் இல்லத்தில் நாங்கள் கற்ற பாடமும் இதுதான். இசைக்கு வலிமை உண்டு. எந்த நேரத்தில், யாருக்கு, யார் கையால், எந்த நம்பிக்கையின் நடுவில் என்பதைப் பொறுத்து அது ஆற்றும், அல்லது நோகப்பண்ணும். இசை சிகிச்சை ஒரு தொழிலாக வளர்ந்த கதை, இந்த ஒரு பாடத்தை மனிதர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட கதைதான்.

ஒரு போதகரின் டெலிபோன் கனவு

நவீன நர்சிங்கின் தாய் எனப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859-இல் வெளியிட்ட நர்சிங் குறிப்புகள் நூலிலேயே இசை நோயாளிகளை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதியிருக்கிறார். மனிதக் குரலும், தொடர்ந்து ஒலிக்கக்கூடிய வாத்தியங்களும் நோயாளிக்கு இதமானவை. விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ அதற்கு எதிரானது என்பது அவருடைய கவனிப்பு. இது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கட்டிலில் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்று ஒரு நர்ஸ் கவனித்திருக்கிறாரே, அது பெரிய விஷயம்.

1891-இல் இதே லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கில் ஹார்ஃபர்டு என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் புனித செசிலியா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயாளிகளின் வலியையும் தூக்கமின்மையையும் தணிப்பதற்காக, மென்மையாகப் பாடவும் வாசிக்கவும் பயிற்சி பெற்ற குழு ஒன்றை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இன்னும் ஒருபடி மேலே போய், ஓர் இடத்தில் இருந்து வாசிக்கும் இசையை டெலிபோன் கம்பி வழியாக லண்டன் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு அனுப்பலாம் என்றும் திட்டமிட்டார். ஸ்பாட்டிஃபை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு போதகர் கண்ட கனவு அது! பணமும் அவருடைய உடல்நலமும் ஒத்துழைக்காததால் அந்த முயற்சி நிலைக்கவில்லை.

ஹார்ஃபர்டு ஐயரின் அன்பை நாம் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவருடைய திட்டத்தில் இசை ஒரு வழியில்தான் பயணம் செய்தது. வாசிப்பவர் அனுப்புவார், நோயாளி வாங்கிக்கொள்வார். கம்பியின் மறுமுனையில் யாராவது காதைப் பொத்திக்கொண்டால் வாசிப்பவருக்குத் தெரியாது. எங்கள் கரோல் குழுவும் அன்று அப்படித்தான் பாடியது.

தஞ்சாவூரில் ஒரு வைத்தியர்

அதே காலத்தில் தமிழ்நாட்டில், மருத்துவமும் இசையும் ஒரே வீட்டில் குடியிருந்தன. சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், கிறிஸ்தவர். ஆசிரியராக வேலை செய்து, பின்பு தஞ்சாவூரில் புகழ்பெற்ற சித்த வைத்தியரானவர். வைத்தியத்தில் சம்பாதித்ததைத் தமிழிசை ஆராய்ச்சியில் செலவழித்தார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். 1919-இல் மறைந்தார்.

பண்டிதர் இசை சிகிச்சையாளர் அல்ல. அவர் நோயாளிக்கு மூலிகையைத்தான் கொடுத்தார். சுருதிகளைத் தனியாக ஆராய்ந்தார். ஆனாலும் இசையையும் சொஸ்தமாக்கும் பணியையும் ஒரே வாழ்க்கையில் வைத்திருக்கலாம் என்பதற்கு நம்மிடையே ஒரு முன்னோடி உண்டு என்று சொல்ல அவர் போதும்.

ராகத்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கையும் நம் மண்ணில் பழையதுதான். முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடரின் வயிற்றுவலி நீங்க நவக்கிரக கிருதிகளைப் பாடத் தொடங்கினார் என்ற வழிவழிக் கதையைக் கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள் கேட்டிருப்பீர்கள். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் ஒன்றை அமைத்து இந்தத் தேடலைத் தொடர்ந்தார். இன்று அதன் ஒரு கிளை அம்மாக்களின் வாட்ஸ்ஆப்பில் வந்து நிற்கிறது: பிரஷருக்கு இந்த ராகம், சர்க்கரைக்கு அந்த ராகம், காலையில் இருபது நிமிடம் கேட்கவும். மாத்திரைச் சீட்டு போலவே இருக்கும்.

பிடித்த ராகத்தைக் கேட்டால் மனம் இளகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ராகத்தை மட்டும் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ராகம் ஒருவருக்குக் கல்யாண வீட்டையும், இன்னொருவருக்குச் சாவு வீட்டையும் நினைவூட்டலாம். அந்த இன்னொருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் இசை சிகிச்சை படிக்க வேண்டிய பாடம். புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் சுமதி சுந்தர் தலைமையில் வளர்ந்த இசை சிகிச்சைக் கல்வி, ஆராய்ச்சி மையம், மருத்துவக் கல்லூரி ஒன்றின் நடுவே இந்தப் படிப்பை முறையாகச் சொல்லித்தருகிறது என்பது நமக்குப் பெருமை.

போர்வீரரும் அழுத சிறுவனும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகள் காயப்பட்ட வீரர்களால் நிறைந்தன. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வார்டு வார்டாகப் போய் வாசித்தார்கள். நோயாளிகளிடம் மாற்றம் தெரிந்தது. ஆனால் சீக்கிரமே மருத்துவர்கள் ஒன்றைச் சொன்னார்கள்: நல்ல மனது மட்டும் போதாது, ஆஸ்பத்திரிக்குள் வருகிற இசைக்கலைஞருக்குப் பயிற்சி வேண்டும். 1944-இல் மிச்சிகனிலும், 1946-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலும் படிப்புகள் தொடங்கின. 1950-இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியச் சங்கம் உருவானது.

இங்கிலாந்தில் இந்தக் கதவைத் திறந்தவர் ஜூலியட் ஆல்வின். பிரான்சில் பிறந்தவர், உலகப் புகழ்பெற்ற பாப்லோ காசல்ஸிடம் செல்லோ கற்றவர். 1958-இல் இங்கே இசை சிகிச்சைக்கான சங்கத்தை நிறுவினார். 1968-இல் லண்டன் கில்டுஹால் இசை நாடகப் பள்ளியில் நாட்டின் முதல் பயிற்சிப் படிப்பைத் தொடங்கினார்.

ஆல்வின் சங்கத்தைத் தொடங்கிய அதே காலத்தில் வுஸ்டர்ஷயரில், சன்ஃபீல்டு என்ற சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் இல்லத்தில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் பால் நார்டாஃப், அமெரிக்க இசையமைப்பாளர். மற்றவர் கிளைவ் ராபின்ஸ், அங்கே ஆசிரியர். பேச்சே வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு அவர்கள் பியானோ வாசித்துப் பழகினார்கள். நார்டாஃப் தம் பேராசிரியர் பதவியையே விட்டுவிட்டு இந்தப் பணிக்கு வந்தார்.

பின்னர் அமெரிக்காவில் அவர்களிடம் வந்த ஒரு சிறுவனை அவர்கள் நூலில் எட்வர்டு என்று குறிப்பிடுகிறார்கள். அறைக்குள் வந்ததும் அவன் வீறிட்டு அழுதான். அழுகையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அவன் அழும் சுருதி எது என்று நார்டாஃப் கேட்டார். அந்தச் சுருதியிலேயே பியானோவில் பதில் சொன்னார், பாடினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த அழுகை பாட்டின் உருவத்துக்கு வந்தது. அவன் அழுவான், பியானோ பதில் சொல்லும். பியானோ வாசிக்கும், அவன் பதில் சொல்வான். இருவழிப் பாதை திறந்துவிட்டது.

இங்கேதான் இந்தத் தொழில் பிறந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஹார்ஃபர்டு ஐயரின் கம்பியில் இல்லாதது இதுதான். முதலில் கேட்பவர் சிகிச்சையாளர், நோயாளி பிறகுதான்.

பெயருக்கு ஒரு வேலி

அதற்குப் பிறகு நடந்தது ஆர்ப்பாட்டமில்லாத வேலை. 1976-இல் பிரிட்டனின் இசை சிகிச்சையாளர்கள் தங்களுக்கென ஒரு தொழில்முறைச் சங்கம் அமைத்தார்கள். 1997-இல் கலைவழிச் சிகிச்சையாளர்களுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2011-இல் ஆல்வின் தொடங்கிய சங்கமும் தொழில்முறைச் சங்கமும் இணைந்து, பிரிட்டிஷ் இசை சிகிச்சைச் சங்கம் ஆனது.

இன்று இந்நாட்டில் யார் வேண்டுமானாலும் தன்னை இசை சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிசியோதெரபிஸ்ட் போலவே இதுவும் சட்டம் காக்கும் பெயர். ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தவறு செய்தால் புகார் கொடுக்கலாம், பதிவும் பறிபோகலாம். பார்க்க இது வெறும் அலுவலகக் காகிதம் போலத் தெரியும். ஆனால் பேச முடியாத ஒரு பிள்ளையை, மறதிநோயுள்ள ஒரு தாயை, மூடிய அறைக்குள் ஒருவரை நம்பி விடுகிறோமே, அந்த நம்பிக்கைக்கு இதுதான் வேலி.

இந்தத் தொழிலில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. 2017-இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இசை சிகிச்சை பலன் தருகிறதா என்று ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டால், ஆட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று வந்தது. ஆய்வு செய்தவர்களில் இசை சிகிச்சைத் துறையினரே இருந்தார்கள், மறைக்காமல் வெளியிட்டார்கள். பிறகு, நாம் அளக்க வேண்டியது அறிகுறிகளையா, பிள்ளையின் மகிழ்ச்சியையா, பெற்றோரோடு உள்ள உறவையா என்ற விவாதம் எழுந்தது. சாட்சி சொல்லும்போது நாமும் மிகைப்படுத்தாமல் சொல்ல இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பலன் தெளிவாகத் தெரியும் இடங்களும் உண்டு. பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு பேச்சை இழந்த சிலர், ஒரு வாக்கியம் பேச முடியாவிட்டாலும் ஒரு பாட்டின் வரியைப் பாடுவார்கள். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தை நம்பியிருக்கிறது. பாடுவதற்கு இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன. இதை வைத்து 1973-இல் பாஸ்டனில், சொற்களை மெட்டில் ஏற்றி மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவரும் ஒரு பயிற்சிமுறை உருவானது. 2011-இல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி கேப்ரியெல் கிஃபர்ட்ஸ் மறுபடியும் பேசக் கற்றதில் இசை சிகிச்சைக்குப் பங்கு இருந்தது. பார்க்கின்சன் நோயால் கால் தடுமாறுகிறவர்களுக்கு, சீரான தாளத்தைக் கேட்டபடி நடந்தால் அடி ஒழுங்காக விழுகிறது.

இன்னொரு ஆய்வு எங்கள் மனதைத் தொட்டது. 2013-இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவில் 11 ஆஸ்பத்திரிகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளுக்கு இசை சிகிச்சையாளர்கள் நேரடியாக இசை வழங்கினார்கள். பெற்றோர் தாங்களே தேர்ந்த, தங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பாட்டையே தாலாட்டாக மாற்றிப் பாடினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பும் பால் குடிக்கும் பழக்கமும் நல்ல திசையில் மாறின. பெற்றோரின் கலக்கமும் குறைந்தது. பாட்டு எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, அது யாருடைய பாட்டு என்பது முக்கியமாக இருந்தது.

மட்டக்களப்பில் ஒரு தோட்டம்

நம் சபையில் பல குடும்பங்கள் போரைக் கடந்து இங்கே வந்தவை. அதனால் இதையும் சொல்ல வேண்டும். 1996-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்ற ஒரு சிறிய இடம் திறக்கப்பட்டது. கனடாவின் ஓவியர் பால் ஹோகனும், இயேசு சபைக் குருவானவர் பால் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் பின்னால் இருந்தார்கள். போரில் தாயை, தகப்பனை, வீட்டை இழந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து, களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், பாடினார்கள், கதை கட்டி நாடகம் போட்டார்கள்.

அது ஹெச்.சி.பி.சி. பதிவுள்ள சிகிச்சை அல்ல. ஆனால் அங்கே யாரும் பிள்ளையிடம் "என்ன நடந்தது, சொல்லு" என்று முதலில் கேட்கவில்லை. சொல்ல முடியாததைச் சொல்ல வேறு வழி வைத்துக் காத்திருந்தார்கள். நார்டாஃபின் பியானோ செய்ததும் இதைத்தான்.

செவன் கிங்ஸிலிருந்து பார்க்கும்போது

இனி நம் தெருவுக்கு வருவோம். நம் ஆலயத்திலிருந்து பார்லி லேன் பக்கம் போனால் குட்மேஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. 1901-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே கிங் ஜார்ஜ் ஆஸ்பத்திரி. நம் ரெட்பிரிட்ஜ் பரோவிலேயே, உட்ஃபர்டு கிரீனில் ஹேவன் ஹவுஸ் என்ற சிறுவர் ஹாஸ்பிஸ் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இசை சிகிச்சையும் கிடைக்கிறது. இந்தக் கட்டிடங்களுக்குள் நம் பாட்டி தாத்தாக்கள், நம் வகுப்புத் தோழர்கள், சில நேரம் நம் வீட்டாரே இருக்கிறார்கள். அதைப் பற்றி ஆலய வாசலில் நாம் சத்தமாகப் பேசுவதில்லை.

மறதிநோய் வரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் விலகும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நாற்பது வருஷம் லண்டனில் ஆங்கிலம் பேசி வேலை செய்தவர், ஒருநாள் நர்ஸிடம் தமிழில் மட்டும் பேசுவார். சொற்களும் போன பிறகும் சின்ன வயதில் கேட்ட கீர்த்தனை மிஞ்சியிருக்கும். அப்போது எதிரில் உட்காரும் இசை சிகிச்சையாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்தக் கீர்த்தனை அவருக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வார்? முனகலைக் கேட்பார். அது எந்தப் பாட்டின் ஆரம்பம் என்று அவருக்குத் தெரியாது.

நம் வீடுகளில் ஐந்து வயதிலேயே பிள்ளையை வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், கீபோர்டு என்று சனிக்கிழமைதோறும் அழைத்துப் போகிறோம். அரங்கேற்றத்துக்கு ஹால் எடுத்து ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழிக்கிறோம். ஏ லெவல் வந்ததும் வீணை உறைக்குள் போய்விடும். டாக்டர், பார்மசிஸ்ட், அக்கவுண்டன்ட் என்ற பட்டியலில் இதற்கு இடமில்லை. பெற்றோரைக் குறை சொல்ல வரவில்லை. அகதியாய் வந்தவர்களுக்குப் பிள்ளையின் பாதுகாப்புதான் பெரிய ஜெபம். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே அப்பா அம்மாவிடம் காட்ட, சில விவரங்கள். இசை சிகிச்சையாளர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும். முழுநேரமாகப் படித்தால் பொதுவாக இரண்டு வருஷம். கில்டுஹால், நார்டாஃப் ராபின்ஸ், ரோஹாம்டன், கேம்பிரிட்ஜின் ஆங்கிலியா ரஸ்கின் ஆகிய இடங்களில் படிக்கலாம். செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் எலிசபெத் லைன் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கினால், கில்டுஹால் இருக்கும் பார்பிக்கன் நடந்து போகும் தூரம்தான். ஏதாவது ஒரு வாத்தியத்திலோ குரலிலோ நல்ல தேர்ச்சி வேண்டும். யோசிக்காமல் உடனுக்குடன் வாசிக்கும் திறமையும் வேண்டும். கற்பனாசுரம் பழகினவர்களுக்கு அது புதிதல்ல. படிக்கும் காலத்தில் மாணவர் தாமும் சிகிச்சை அமர்வுகளுக்குப் போக வேண்டும். தன் காயத்தை அறியாதவர் பிறர் காயத்தைத் தொடக்கூடாது என்பதால். என்எச்எஸ் வேலைகள் பெரும்பாலும் பேண்ட் 6-இல் தொடங்குகின்றன. ஆனால் வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. பலர் பள்ளி, ஹாஸ்பிஸ், தொண்டு நிறுவனம் என்று இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக உழைக்கிறார்கள். இதையும் தெரிந்துகொண்டு தெரிந்தெடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது

எல்லாரும் சிகிச்சையாளர் ஆக முடியாது; ஆக வேண்டியதும் இல்லை. அன்று அக்கா செய்தது சிகிச்சை அல்ல என்று அவரே சொல்கிறார். ஆனால் நாம் எல்லாரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு.

இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்தவரிடம் உட்கார்ந்து ஐந்து பாட்டுகளைக் கேட்டு எழுதுங்கள். அவருடைய அம்மா பாடின தாலாட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டு, கல்யாணத்தில் பாடின கீர்த்தனை, ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டு, கலக்கத்தில் பாடும் ஞானப்பாட்டு. கேட்கப் பிடிக்காத பாட்டு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். அது எந்த இழப்போடு ஒட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். முதல் வரியையும் மெட்டையும் போனில் பதிவு செய்து வையுங்கள். ஸ்காட்லாந்தில் பத்திரிகையாளர் சாலி மேக்னஸன், மறதிநோயில் இருந்த தம் தாயைப் பராமரித்த அனுபவத்திலிருந்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டுப் பட்டியல் என்ற தொண்டு நிறுவனத்தை 2013-இல் தொடங்கினார். அல்ஸைமர்ஸ் சொசைட்டி தரும் 'இதுதான் நான்' என்ற படிவத்தில் ஒருவருடைய பழக்கங்களை எழுதி ஆஸ்பத்திரியில் கொடுக்கலாம். அந்தப் படிவத்தில் நம் பாட்டுகளின் பெயர்களும் இருக்கட்டும், ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு.

பிப்ரவரியில் நாங்கள் மறுபடியும் அந்த இல்லத்துக்குப் போனோம். இந்தமுறை மூன்று பேர் மட்டும். தபேலாவும் தொப்பியும் வீட்டில். முன்கூட்டியே போன் செய்து, எந்த நேரம் நல்லது, யார் வரவேற்பார்கள் என்று ஊழியரிடம் கேட்டிருந்தோம். அம்மம்மாவின் மகளிடம் பேசி, அவர் முனகின மெட்டு எந்தக் கீர்த்தனை என்றும் தெரிந்துகொண்டோம். இரண்டு வாரம் பழகியும் வைத்திருந்தோம்.

நாங்கள் போன நேரத்தில் அம்மம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எழுப்பவில்லை, பாடவில்லை. வெளியே வரும்போது அக்கா, கீர்த்தனையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஊழியரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் எங்களை வந்து பாருங்கள். நன்றாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.